வேகம் கூடினால் விலகலும் கூடுமா?

ஆஸ்திரேலியாவில் முயல் சுடப் பலரும் எடுப்பது .22 ரிம்ஃபயர் துப்பாக்கி. அதில் விநாடிக்கு 380 மீட்டரில் பாயும் குண்டைவிட, அதே 2.6 கிராம் எடையில் 320 மீட்டரில் கிளம்பும் குண்டே பக்கக்காற்றில் குறைவாக விலகும். மெதுவானதுதானே காற்றில் அதிக நேரம் இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் விலகலைத் தீர்மானிப்பது மொத்தப் பயண நேரமல்ல. காற்றுத் தடையே இல்லாவிட்டால் ஆகும் நேரத்தைவிட எவ்வளவு தாமதம் என்பதுதான். ஒலியின் வேகமான சுமார் 340 மீட்டரை ஒட்டித் தடை கிடுகிடுவென ஏறுகிறது. வேகமான குண்டு தன் வேகத்தை அங்கேதான் பறிகொடுக்கிறது. சிறு பிசகும் போதும், தலைக்கு வைத்த குறி வயிற்றில் பட்டு முயல் துடிக்கும். மெதுவான குண்டு அதிகம் தாழுமே என்றால், உண்மைதான். தூரம் தெரிந்தால் தாழ்வைக் கணக்கிட்டுவிடலாம். நொடிக்கு நொடி மாறும் காற்றை அப்படிக் கணக்கில் அடக்க முடியாது.