ஜன்னலோரம் நாலடி போதும்

இளம்பிள்ளையில் தறிச்சத்தம் கேட்கிற தெருக்களில் இப்போ இன்னொரு வேலையும் சேர்ந்து நடக்குது. தறியிலிருந்து இறக்கின சேலையை விரித்து, மடித்து, கொடியில் தொங்கவிட்டு, போனில் படம் எடுக்கிறார்கள். படம் வாட்ஸ்அப்பில் போகும், பணம் வரும், சேலை பார்சலில் போகும். வாங்குகிறவர் மதுரையில் இருக்கலாம், மும்பையில் இருக்கலாம். தொட்டுப் பார்க்க வழியில்லை. படத்தில் அரக்காகத் தெரிந்த சேலை கையில் கத்தரிப்பூ நிறமா வந்தா, மறுநாளே திரும்பி வந்துவிடும்.

நாட்டுச்சர்க்கரை, செக்கு எண்ணெய், மரபு அரிசி என்று நேரடியா விற்க ஆரம்பித்திருக்கிற உழவர்களுக்கும் இதே நிலைதான். சொல்லப்போனால் நமக்குக் கொஞ்சம் கூடுதல் சிக்கல். ஹைட்ரோஸ் போட்டு வெளுத்த வெல்லத்தைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு மஞ்சள்தான் நல்ல வெல்லம். ரசாயனம் சேர்க்காமல், சுண்ணாம்பும் வெண்டைச்சாறும் விட்டு அழுக்கெடுத்துக் காய்ச்சின வெல்லம் பழுப்பா, சில பாகு நல்ல கருப்பாவே இருக்கும். அந்தக் கருப்புதான் நம்ம சரக்கின் அடையாளம். வீட்டுக்குள்ள மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் படம் எடுத்தா அது மஞ்சளா மாறிவிடும். வாங்குகிறவர் பொட்டலத்தைப் பிரித்ததும், "என்னங்க, படத்துல ஒண்ணு காட்டி வேற அனுப்பிட்டீங்க" என்பார். நாம் ஏமாற்றவில்லை, பல்பு ஏமாற்றிவிட்டது. ஆனால் பேர் கெடுவது நமக்குத்தான்.

ஆகவே வீட்டில் படம் எடுக்க ஓர் இடம் ஒதுக்குவது அழகுக்காக இல்லை, நிறம் மாறாமல் இருப்பதற்காக. அதற்குத் தனி அறை வேண்டியதில்லை. நெல் மூட்டையும் சைக்கிளும் போக மிச்சமிருக்கிற இடத்தில், ஒரு ஜன்னலோரம் நாலடிக்கு நாலடி கிடைத்தால் போதும். அதுவும் நாள் முழுக்க வேண்டாம். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் சுருட்டி மூலையில் வைத்துவிடலாம்.

எந்த ஜன்னல் என்பதுதான் முக்கியமான கேள்வி. மின்விளக்கு பரவுவதற்கு முந்தைய காலத்துப் படக்கூடங்களில் வடக்குப் பார்த்துக் கண்ணாடிக்கூரை போட்டிருந்தார்கள். நேர்வெயில் உள்ளே விழாது, வானத்தின் வெளிச்சம் மட்டும் மெதுவா, சீரா வரும். நிழல் கூர்மையா விழாது. அந்த வழக்கம் குளிர்நாடுகளில் வந்தது. அங்கே சூரியன் எப்போதும் தெற்குப் பக்கமே சாய்ந்து போகும். சேலத்துக்கு அது அப்படியே பொருந்தாது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 11 பாகைக்குக் கொஞ்சம் மேல வடக்கே. சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிவெயிலே நம் தலைக்கு வடக்கே தள்ளித்தான் நிற்கும். காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் சாய்வெயில் அடிக்கும். அந்த மாதங்களில் ஜன்னலுக்கு ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையா கட்டிவிடுங்கள். வேட்டியே விளக்கு மாதிரி ஆகிவிடும். சாயவேட்டி கூடாது, நீலம் போட்டு வெளுத்ததும் வேண்டாம். வடக்கு ஜன்னல் இல்லாத வீட்டில் கிழக்கு ஜன்னலை மதியத்துக்கு மேலும், மேற்கு ஜன்னலை முற்பகலிலும் பயன்படுத்தலாம். வெயில் நேரா விழாத நேரம் என்பதுதான் கணக்கு.

பொருளை ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் வையுங்கள். தள்ளிப் போகப் போக வெளிச்சம் வேகமா குறையும். ஜன்னல் பொருளுக்குப் பக்கவாட்டில் இருக்கணும். எதிர்ப்பக்கம் இருட்டா விழும் அல்லவா, அங்கே ஒரு வெள்ளை அட்டையை நிமிர்த்தி வைத்தால் வெளிச்சம் திரும்பி அடித்து நிழல் இளகும். தெர்மாகோல் வாங்கச் சொல்லுவார்கள். நமக்கு எதற்கு அந்தக் குப்பை? பழைய காலண்டரின் பின்பக்கத்தை அட்டையில் ஒட்டினால் அதே வேலையைச் செய்யும்.

நிறத்தைக் கெடுப்பது எல்லாம் நம்மைச் சுற்றியே இருக்கு. முதலில் கலப்பு வெளிச்சம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் சொல்லுவார்கள். உச்சிப் பகல் சுமார் 5500, வெள்ளை டியூப்லைட் 6500, மஞ்சள் பல்பு 2700. ஜன்னல் வெளிச்சத்தோடு பல்பும் எரிந்தால் எதை வைத்து வெள்ளையைக் கணிப்பது என்று போன் குழம்பிவிடும். அதனால் படம் எடுக்கும்போது வீட்டு விளக்கெல்லாம் அணைந்திருக்கணும். அடுத்தது சுவர். பச்சையோ ரோஸோ அடித்த சுவர் பக்கத்தில் இருந்தால் அந்த நிறம் பொருள்மேல் படியும். சுண்ணாம்பு அடித்த சுவர் நல்லது. மூன்றாவது நம்ம ஆட்கள் அதிகம் மாட்டுவது: தோட்டத்தில் பச்சை நிழல்வலைக்கு அடியில், நீலத் தார்ப்பாய்க்கு அடியில் வைத்துப் படம் எடுப்பது. தக்காளியே சோகை பிடித்த மாதிரி இருக்கும். தோட்டத்தில்தான் எடுக்கணும் என்றால் வேப்பமர நிழலின் ஓரத்துக்கு, வானம் தெரிகிற இடத்துக்கு வந்துவிடுங்கள்.

படம் எடுக்கும் முன் பொருளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒரு படம் எடுங்கள். தாள் படத்திலும் வெள்ளையாத் தெரிந்தால் நிறம் சரி. மஞ்சளோ நீலமோ அடித்தால், போனில் 'புரோ' முறை இருந்தால் அதில் கெல்வினை நகர்த்தித் தாள் வெளுக்கும்வரை திருத்திக்கொள்ளலாம். கேமரா கண்ணாடியைத் துணியால் துடைப்பதை மறக்க வேண்டாம், எண்ணெய்க் கை பட்டுப் பட்டு மங்கியிருக்கும். பொருளுக்கு மிக நெருங்கிப் போகாதீர்கள். போனின் சாதாரண லென்ஸ் அகலமானது. கிட்டப்போனால் டப்பாவின் வாய் பெரிதாகி அடி சிறுத்துப்போகும். இரண்டடி தள்ளி நின்று எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். திரையில் பொருளின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் வெளிச்சம் பூட்டிக்கொள்ளும். அடுத்தடுத்த படங்கள் ஒன்று கருப்பா ஒன்று வெளுப்பா வராது.

எல்லாச் சரக்கையும் ஒரே மாதிரி எடுக்க முடியாது. அரிசி, வெல்லம், மஞ்சள் இதற்கெல்லாம் பக்கவாட்டு வெளிச்சம் போதும், மணியும் பொருக்கும் எடுத்துக் காட்டும். எண்ணெய் அப்படியில்லை. பாட்டிலுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்து எண்ணெயை ஊடுருவினால்தான் கடலை எண்ணெயின் பொன்னிறம் தெரியும். பாட்டிலை ஜன்னலுக்கு முன்னால் வைத்து, லேபிள் இருண்டுபோகாமல் இருக்க முன்பக்கம் வெள்ளை அட்டையைப் பிடியுங்கள். சரிகைச் சேலைக்குப் பக்கவாட்டு வெளிச்சம், வேட்டி கட்டியே. வெளிச்சம் முரட்டுத்தனமா இருந்தால் சரிகை வெள்ளைக்கோடா தெரியும். ஐந்தரை மீட்டரையும் விரிக்கச் சின்ன அறையில் இடம் ஏது? மூங்கில் கழியில் மடிப்பு வைத்துத் தொங்கவிட்டு உடல், கரை, முந்தானை என்று மூன்று படம் எடுத்தால் வாங்குகிறவருக்கு விவரம் புரிந்துவிடும். கீரைக்கு ஒரே விதி: பறித்த காலையிலேயே எடுக்கணும். வாடினதன்மேல் தண்ணீர் தெளித்து எடுப்பது எனக்குப் பிடிக்காது.

அடியில் விரிக்கக் கோரைப்பாய், முறம், சாக்கு, கடப்பாக்கல் எல்லாம் நல்லாவே இருக்கும். ஆனால் விலைப்பட்டியலுக்கு ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். மேசையின் கால் நிற்கிற இடத்தையும், நீங்கள் நிற்கிற இடத்தையும் தரையில் சுண்ணாம்பால் குறித்துவிட்டால் வீட்டில் யார் எடுத்தாலும் படம் ஒன்றுபோல வரும். அளவு தெரிய ஒரு படியையோ கையையோ பக்கத்தில் வைக்கலாம். வெறும் வெல்ல உருண்டையை மட்டும் பார்த்து அது எலுமிச்சை அளவா தேங்காய் அளவா என்று யாராலும் சொல்ல முடியாது.

இரவில்தான் நேரம் கிடைக்கிறது என்பவர்கள் ஒரே கம்பெனி, ஒரே வகை வெள்ளை எல்.இ.டி. பல்பு இரண்டு வாங்கி, வேட்டிக்குப் பின்னால் மாட்டலாம். பெட்டியில் சி.ஆர்.ஐ. 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது குறைந்த பல்பில் சிவப்பும் பழுப்பும் செத்துப்போகும், நமக்கு வேண்டியதே அந்த இரண்டும்தான். வட்ட விளக்கு வேண்டாம், எண்ணெய்ப் பாட்டிலில் வளையமா பிரதிபலிக்கும்.

எடுத்த படத்தைப் பொருளுக்குப் பக்கத்திலேயே, அதே வெளிச்சத்தில் போனைப் பிடித்து ஒத்துப்பாருங்கள். வீட்டில் இருக்கிற இன்னொரு சாதாரண போனிலும் பாருங்கள், விலை கூடின திரைகள் நிறத்தைக் கூட்டிக் காட்டும். நிறத்தை ஏற்றுகிற 'ஃபில்டர்' எதையும் தொடாதீர்கள். பொட்டலம் கட்டி விற்பவர்கள் பின்பக்க லேபிளையும் தனியா ஒரு படம் எடுக்கணும். எடை, தயாரித்த தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் எல்லாம் படிக்கும்படி இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எச்.டி. தேர்ந்து அனுப்புங்கள், அல்லது டாக்குமென்டா அனுப்புங்கள். சும்மா அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், லேபிள் எழுத்து முதலில் கலங்கிப்போகும்.