நிமிர்ந்து நிற்பவளின் கணக்கு

தசை, எலும்பு நோய்கள் வேலைத்திறனை எப்படிப் பாதிக்கின்றன என்று எழுதித் தரச் சொன்னார் கடலூரில் ஒரு தொழிற்சங்க நண்பர். சிதம்பரத்துக்கு மேற்கே, வீராணம் பாசனத்தில், சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் நின்றபடி அதையே கேட்டேன். மடத்தனமான கேள்விதான். வரிசையில் பன்னிரண்டு பெண்கள். ஒரு அக்கா குனிந்தபடியே சொன்னார்: 'வலிச்சா வேலை கொறையுமா தம்பி? காணி காணியாத்தானே இருக்கு.'

இதை அவரது பொறுமையாக வாசிப்பது நமது நடுத்தர வர்க்கப் பழக்கம். அவர் சொன்னது கணக்கு. கண்ட்ராக்ட் நடவில் கூலி காணிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசப்படுகிறது. ஒருத்தியின் கை தளர்ந்தால் பக்கத்திலிருப்பவள் அவள் பங்கையும் சேர்த்து நடுகிறாள். பொழுது சாயக் காணி முடிந்துவிடும். 'வேலைத்திறன் குறைவு' எந்த ஏட்டிலும் ஏறாது. அடுத்த வருஷம் செட்டில் அவளுக்கு இடமில்லாமல் போவதும் ஏறாது. வேலைத்திறன் என்கிற சொல்லாடல் விளைந்த வேலையை மட்டுமே பார்க்கிறது. தேய்ந்த உடல் அதன் பார்வைக்கு வெளியே நிற்கிறது.

தேய்வது எப்படி? முதுகுத்தண்டை ஒட்டிய தசைகள்தான் நம்மை நிமிர்த்தி வைத்திருப்பவை. முழுசாகக் குனிந்ததும் அவை ஓய்ந்துபோகின்றன. உடலின் மேற்பாதியை எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் தாங்குகின்றன. மணிக்கணக்கில் இழுபட்ட நார் துணிக்கொடி போலத் தொய்ந்துவிடும், நிமிர்ந்த உடனே பழைய அளவுக்குத் திரும்பாது. தசையின் காவலும் அப்போது மெத்தனமாக இருக்கும். நெடுநேரம் குனிந்துவிட்டுச் சட்டென்று நாற்றுக்கட்டைத் தூக்கினால் இடுப்பு 'பிடித்துக்கொள்வது' இதனால்தான். 1960களில் ஸ்வீடனின் ஆல்ஃப் நாகெம்சன், உயிருள்ளவர்களின் இடுப்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிடக் குனியும்போது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இடையிடையே கொஞ்சம் நிமிர்ந்தால் நார்களுக்கு ஆசுவாசம்.

ஆனால் அந்த நிமிர்வு யாருக்குச் சொந்தம்? கலிஃபோர்னியப் பண்ணைகளில் மெக்சிகோத் தொழிலாளர்கள் குட்டைப்பிடிக் களைக்கொத்தால் நாளெல்லாம் குனிந்து வேலை செய்தார்கள். போராடி, வழக்காடி, 1975இல் அதற்குத் தடை வந்தது. நீளப்பிடி பயிரைக் கெடுக்கும் என்றார்கள் பண்ணையார்கள். குட்டைப்பிடியின் இன்னொரு வசதி தொழிலாளிக்குத் தெரியும்: நிமிர்ந்தவர் சும்மா இருப்பவர் என்று மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். ஃபூக்கோ சொன்ன கண்காணிப்பை நாம் சிறைச்சாலையில் தேடிக்கொண்டிருக்கிறோம். இங்கே அதற்கு ஒரு வரப்பு போதும். 'என்னாடி, நட்டுக்கிட்டு நிக்கிற?' என்று முன்பு வரப்பிலிருந்து கேட்ட குரல், கண்ட்ராக்ட் வந்தபின் செட்டுக்குள்ளிருந்தே கேட்கிறது.

சட்டமும் இந்த உடலைச் சரியாகப் பார்க்கவில்லை. 1923ஆம் ஆண்டின் நஷ்டஈட்டுச் சட்டம் பெரிதும் 'விபத்து' என்ற கருத்தின்மேல் கட்டப்பட்டது. இருபது வருஷமாகத் தேய்ந்த இடுப்புக்கு எந்தத் தேதியைக் காட்டுவது? உலகத் தொழிலாளர் அமைப்பின் 2010ஆம் ஆண்டுத் தொழில்நோய்ப் பட்டியலில் மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் நோய்கள் பெயர் சொல்லி இடம்பெற்றன. இடுப்புவலிக்குத் தனிப்பெயர் இல்லை. 'பிற' என்ற பொதுப்பிரிவில் நிரூபித்து நுழைய வேண்டும்.

கூலிப் பேச்சில் காணிக்கு எவ்வளவு என்று பேசுகிறோம், காணிக்கு எத்தனை பேர் என்று பேசுவதில்லை. அந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். 'பதினஞ்சு பேரு எறங்குனா நிமிரலாம்தான். கூலியையும் பதினஞ்சாப் பிரிக்கணுமே தம்பி' என்றார்.