ரமல்லாவிலிருந்து பெத்லகேமுக்கு

1980-களில், மேற்குக் கரையில் இருக்கும் ரமல்லாக்காரர்கள் அதே கரையின் பெத்லகேமுக்குப் போக முன்கூட்டித் திட்டம் போட்டதில்லை. ஷேர் டாக்சியில் ஏறினால் ஜெருசலேம், அங்கே வண்டி மாறினால் பெத்லகேம். மொத்தமே சுமார் 25 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பி, உறவினர் வீட்டில் சாப்பிட்டு, வழியில் ஜெருசலேம் பழைய நகரத்தில் சாமான் வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பலாம். இஸ்ரேலின் ஆக்கிரமிப்பும் ராணுவமும் ஊரடங்கும் அப்போதும் உண்டு. ஆனால் 1972-இல் இஸ்ரேல் கொடுத்த பொது அனுமதியால், பெரும்பாலோருக்கு ஜெருசலேம் சாலை திறந்தே கிடந்தது.

1991-இல், வளைகுடாப் போர் நேரத்தில், அந்த அனுமதி ரத்தானது. அதன்பின் ஆளுக்கு ஆள் பெர்மிட். 1993 மார்ச்சில், பெர்மிட் இல்லாதவர்களுக்கு ஜெருசலேமை அடைத்து வந்த மூடல் பிறகு விலகவேயில்லை. இரண்டாம் இன்டிஃபாதா என்ற பாலஸ்தீன எழுச்சியின் தற்கொலைத் தாக்குதல்களைக் காரணம் காட்டி, 2002-இல் இஸ்ரேலின் சுவர் எழும்பத் தொடங்கியது. அந்தத் தாக்குதல்கள் பற்றிய அச்சம் பொய்யல்ல. ஆனால் பாதுகாப்புக்கு என்றால் சுவரை இஸ்ரேலுக்கும் மேற்குக் கரைக்கும் இடையிலான எல்லைக்கோட்டில் கட்டியிருக்கலாமே? அதன் பாதையில் பெரும்பகுதி மேற்குக் கரைக்குள்ளேயே போகிறது. அப்படி உள்ளே கட்டியது சட்டவிரோதம் என்று 2004-இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. சுவர் அப்படியே நிற்கிறது.

மேற்குக் கரைப் பாலஸ்தீனர்களுக்கான பச்சை அடையாள அட்டை வைத்திருப்பவருக்குப் பெர்மிட் இல்லாமல் ஜெருசலேம் கிடையாது. அதனால் பெத்லகேம் வண்டி நகரத்தைச் சுற்றிக்கொண்டு, வாதி நார் என்ற பள்ளத்தாக்கின் செங்குத்தான வளைவுகளில் இறங்கி ஏறுகிறது. தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வழியில் ‘கன்டெய்னர்’ என்ற ராணுவச் சோதனைச் சாவடி. அதை அடைத்துவிட்டால் மேற்குக் கரையின் தெற்குப் பகுதியே துண்டாகிவிடும். டிரைவரின் ஒரு கண் சாலையில், இன்னொன்று செல்போனில். எந்தச் சாவடி திறந்திருக்கிறது என்று டெலிகிராம் குழுக்களில் செய்தி வந்துகொண்டே இருக்கும். எதிரே வருபவரிடம் ஜன்னலை இறக்கி, “எப்படி இருக்கு?” என்று கேட்பார். வரிசை நெருங்கியதும் பின்சீட்டிலிருந்து அட்டைகள் கைமாறி முன்னே போகும். சிப்பாய் கையசைத்து அனுப்பலாம். ஓர் இளைஞனை மட்டும் இறக்கி நிற்க வைக்கலாம். எது நடக்கும் என்று வண்டிக்குள் யாருக்கும் தெரியாது.

கூடிய கிலோமீட்டரைவிட இந்தத் தெரியாமைதான் கொடுமை என்று நினைக்கிறேன். தூரம் அதிகமென்றால் சீக்கிரம் கிளம்பிக்கொள்ளலாம். ஒரு மணி நேரமா, நான்கு மணி நேரமா என்றே தெரியாதபோது டாக்டரிடம் எத்தனை மணிக்கு வருவதாகச் சொல்வது?

காசா போர் தொடங்கிய 2023 அக்டோபருக்குப் பின் ஊர் வாசல்களிலும் இரும்பு கேட்டுகள் பெருகின. 2025 தொடக்கத்தில் ஐ.நா. மனிதாபிமான அலுவலகம் எடுத்த கணக்கில், கிழக்கு ஜெருசலேம் உட்பட மேற்குக் கரையில் சாவடி, கேட், மண்மேடு எல்லாம் சேர்த்து 849 தடைகள். வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தூரத்தில் கல்லூரி இருந்தும், பரீட்சையைத் தவறவிடக் கூடாதென்று மாணவர்கள் அதன் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்குகிறார்கள். அந்த வாடகையும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.