சர்க்கரை பாட்டிலில் ஒரு வாயு ஆலை

மீன் தொட்டியில் செடி வளர்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: சோடா பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கரைத்துத் தொட்டிக்குக் கரியமில வாயு கொடுக்கிறாராம். முதல் வாரம் குமிழ் கொட்டுகிறது, மூன்றாம் வாரம் ஓய்ந்துவிடுகிறது. என்ன கோளாறு என்று கேட்கிறார்.

கோளாறு எதுவுமில்லை. ஈஸ்ட்டின் சுபாவம் அது.

செடிக்கு இந்த வாயு எதற்கு என்பது பள்ளிப் பாடம். தண்ணீருக்குள் அது கிடைப்பதுதான் சிக்கல். காற்றுபட இருக்கும் சாதாரண நீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவே அது கரைந்திருக்கும். அந்தக் கொஞ்சமும் காற்றில் பரவுவதைப்போல் பரவாது, ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் நகரும். செடித் தொட்டிக்காரர்கள் எட்ட நினைப்பது 20 முதல் 30 மில்லிகிராம். சிலிண்டர், ரெகுலேட்டர் என்று போனால் ஆயிரக்கணக்கில் செலவு. அதனால்தான் 2 லிட்டர் பாட்டில், இரண்டு கப் சர்க்கரை, கால் ஸ்பூன் ஈஸ்ட், மூடியில் துளையிட்டு நுழைத்த ஏர் டியூப் என்ற இந்த ஏழைப் பங்காளன் உலகெங்கும் பிழைத்திருக்கிறது.

100 கிராம் சர்க்கரை முழுதும் புளித்தால் சுமார் 50 கிராம் கரியமில வாயு வரும். மிச்சம் பெரும்பாலும் எரிசாராயம். அது ஏற ஏற ஈஸ்ட் மயங்கி, கடைசியில் தான் ஊற வைத்த சாராயத்திலேயே செத்துப்போகும். வெயில் காலத்தில் இட்லி மாவு பொங்கி வழிவதுபோல, வெப்பம் கூடினால் பாட்டிலும் அவசரப்படும். சீக்கிரம் தீர்ந்தும் போகும்.

இந்த அவசரத்துக்குக் கடிவாளம் போட ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. சர்க்கரையை ஜெல்லியாக உறைய வைத்துப் பாட்டிலின் அடியில் இருத்தி, ஈஸ்ட் கரைத்த நீரை மேலே ஊற்றிவிடுவது. ஜெல்லியிலிருந்து சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசியும். ஈஸ்ட்டுக்கு அளந்து போட்ட சாப்பாடு. குமிழ் சீராக வரும், நாளும் நீளும். வெளிநாட்டுக் குறிப்புகள் ஜெலட்டின் சேர்க்கச் சொல்லும். ஆனால் அது 35 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். அக்னி நட்சத்திரத்தில் சென்னை வீட்டு மாடியில் அதை நம்ப முடியாது. அகர் அகர் அப்படியல்ல. ஒருமுறை உறைந்தால் 85 டிகிரி வரை அசையாது. நோன்பு மாதத்தில் இனிப்பாகச் செய்கிறோமே, அந்தக் கடல்பாசிதான். அதற்கான பாசியை ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் மூழ்கிப் பறிக்கிறார்கள். கையருகே இருப்பதை விட்டுவிட்டு ஜெலட்டின் பொட்டலம் தேடி அலைகிறோம்.

இந்த ஆலைக்கு நிறுத்தும் விசை கிடையாது என்பதுதான் பெரிய குறை. இரவில் செடி இந்த வாயுவை எடுக்காது, மீனோடு சேர்ந்து அதுவும் மூச்சாக வெளிவிடும். பாட்டிலோ கொட்டிக்கொண்டே இருக்கும். விடிகாலையில் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நின்றால் காரணம் அநேகமாக இதுதான். சிலர் டியூபைக் கிள்ளி அடைத்துவிடுகிறார்கள். பாட்டில் வெடிக்க வேறு வழி வேண்டாம். டியூபைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துப் போடுங்கள், அல்லது இரவில் ஏர் பம்பை ஓட விடுங்கள். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. பாட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு சின்ன வெற்று பாட்டிலை வைத்தால் பொங்கும் நுரை அதோடு நின்றுவிடும்.

குமிழ் நிறைய வரட்டும் என்று பாட்டிலைக் குலுக்குபவர்களும் உண்டு. அந்த ஆசைக்கு விலை கொடுப்பது மீன்கள். நீரில் வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் மஞ்சளுக்குப் போகிறதா, அதாவது வாயு மிகுந்துவிட்டதா என்று பார்க்கிற பொறுமைகூட இல்லாதவர் வாயுப் பக்கமே போக வேண்டாம்.

ஐம்பது, அறுபது லிட்டருக்குள் இருக்கும் தொட்டிக்கு இந்த பாட்டில் சரி. அதற்கு மேல் சிலிண்டர்தான் நல்லது. இரண்டும் வேண்டாம் என்றால் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், இலங்கை ஓடைகளிலிருந்து வந்த கிரிப்டோகோரைன் ஆகியவை மிதமான வெளிச்சத்தில், தனியாக வாயு எதுவும் கேட்காமல் வளரும்.