பத்து வருஷக் கணக்கு

தளியின் குளிர்ச்சியை அனுபவித்த வெள்ளைக்காரர்கள் அதற்குச் 'சின்ன இங்கிலாந்து' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். பெரிய இங்கிலாந்தில் 1908-ம் வருஷத்துச் சட்டம், எழுபது வயதான ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை பென்ஷன் கொடுத்தது. நமது சின்ன இங்கிலாந்தின் கதை வேறு.

சென்ற வாரம், நம்மிடம் படிக்கும் சிறுமியின் பாட்டனார் ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தார். "ஸார், இந்த மாதத்தோடு ஐம்பத்தெட்டு முடிகிறது. பென்ஷன் எவ்வளவு வரும், பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

கேழ்வரகு விளைந்த நிலம் கைகொடுக்காமல், நாற்பத்தேழாவது வயதில் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனவர் அவர். பதினொரு வருஷ உழைப்பு, மூன்று கான்ட்ராக்டர்கள். 1995-ம் வருஷத்து ஊழியர் ஓய்வூதியத் திட்டம் கேட்பது பத்து வருஷந்தான். அப்படியானால் கவலை எதற்கு என்பீர்கள்.

அங்கேதான் வந்தது வினை! கான்ட்ராக்டர் மாறிய இரண்டு தடவையும் பணத்தையெல்லாம் எடுத்துவிட்டார். மகள் கல்யாணம் ஒரு தடவை, ஆழ்துளைக் கிணறு ஒரு தடவை. அவரை எப்படிக் குறை சொல்வது? பிராவிடண்ட் பண்டை எடுத்தால் பணம் மட்டுமே போகிறது. முதலாளி கட்டும் 8.33 சதவிகிதம் சேருகிற பென்ஷன் பகுதியை எடுத்தாலோ, உழைத்த வருஷங்களே ஏட்டிலிருந்து அழிந்துபோகின்றன. அதை எடுக்காமல் 'ஸ்கீம் சர்டிபிகேட்' வாங்கி வைத்திருந்தால், பழைய வருஷங்கள் புதியவற்றோடு சேர்ந்திருக்கும். இதை அவரிடம் சொன்னவர் ஒருவருமில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கத்தான் ஆள் இருந்தது. ஏட்டில் இப்போது மிஞ்சியிருப்பது மூன்று வருஷம்.

போனது எவ்வளவு? கடைசி அறுபது மாதச் சம்பளச் சராசரியைச் சேவை வருஷங்களால் பெருக்கி எழுபதால் வகுக்கவேண்டும். சராசரி 15,000 ரூபாய் என்றால், பதினொரு வருஷத்துக்கு மாதம் 2,357 ரூபாய். விலைவாசி ஏறினாலும் இந்தத் தொகை ஏறாது. அற்பந்தான், ஆனால் ஆயுள் உள்ளவரை வரும். அவருக்குப் பின் ஒரு பங்கு மனைவிக்கும் வரும். தமிழ்நாட்டு ஸர்க்கார் முதியோர் பென்ஷனை 1962-ல் இருபது ரூபாயில் ஆரம்பித்து 2023-ல் 1,200 ஆக்கியது. அதற்கும் வறுமையை ருசுப்படுத்த வேண்டும். உழைத்துச் சம்பாதித்த பென்ஷன் வேறு, மனுப் போட்டுக் கேட்கிற பென்ஷன் வேறு அல்லவா?

விஷயத்தைச் சொன்னோம். பெரியவர் சற்று நேரம் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என் தம்பி மகனுக்கு அங்கேயே ஏழு வருஷம் ஆகிறது, ஸார். நாளைக்குப் பணம் எடுக்க எழுதிக் கொடுக்கப் போகிறான். அந்த சர்டிபிகேட்டின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்" என்றார்.