பருவமும் முகூர்த்தமும்

‘செமஸ்டர்’ என்னும் சொல்லுக்கு இலத்தீன் மூலத்தில் ஆறு மாதம் என்று பொருளாம். ஆனால் ஆறு மாதம் முழுமையாக நம் கைக்கு வருவதில்லை. வருவன 90 வேலை நாட்கள். வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டுமென்றால் 68 நாட்கள் வகுப்பில் இருந்தாக வேண்டும். எஞ்சியவை 22. காய்ச்சல், ஊர்த் திருவிழா, வராத பேருந்து எல்லாம் இந்த 22-க்குள்தான்!

இதை நான் விரல்விட்டு எண்ணுவதற்குக் காரணம் உண்டு. என்னைப் போல் பலர் கலியாணப் பந்தியில் பரிமாறித்தான் படிக்கிறோம். முதல்நாள் இரவு வரவேற்பு விருந்து, மறுநாள் காலைச் சிற்றுண்டி, பிறகு மதியப் பந்தி. இலை எடுத்து முடிய மூன்று மணி ஆகிவிடும். காலைச் சுழற்சி மாணவனாயினும் மாலைச் சுழற்சி மாணவனாயினும் அன்றைய வகுப்பு போனது போனதுதான். 2022-இல் புதுமைப் பெண் திட்டமும் 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கப்பட்டன. பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆயினும் வீட்டில் அரிசி வாங்கவும் தங்கையின் படிப்புக்கும் அது போதுமா?

ஆகவே புதிய பருவம் தொடங்கும்போது நான் முதலில் பார்ப்பது பாடத்திட்டத்தை அன்று, பஞ்சாங்கத்தை! ஆனியில் கல்லூரி திறக்கிறது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. பந்தி வேலையும் கிடையாது. ஆவணி பிறந்தால் அடுத்தடுத்து முகூர்த்தம். புரட்டாசியில் மீண்டும் ஓய்வு. ஐப்பசியில் மறுபடி கலியாணம். அதை ஒட்டியே பல்கலைக்கழகத் தேர்வு. ஆடியில் ஒரு நாளும் விடாமல் வந்தவனுக்கே ஆவணியில் ஓரிரு நாள் விடத் துணிவு வரும்.

வருகைப்பதிவு மட்டுமா? அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண், பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75. தேர்ச்சிக்கு மொத்தம் 40 வேண்டும். அதில் எழுத்துத் தேர்வில் மட்டும் 30. அகமதிப்பீட்டில் 10 வாங்கியவன் 30-இலேயே கரையேறுவான். 4 வாங்கியவன் 36 எடுத்தாக வேண்டும். அந்த ஆறு மதிப்பெண்ணில்தான் பல ‘அரியர்கள்’ பிறக்கின்றன. முதல் அகமதிப்பீட்டுத் தேர்வோ பெரும்பாலும் ஆவணி முகூர்த்தங்களின் நடுவே வந்து நிற்கிறது.

இதற்கிடையில் நாள்வரிசை என்று ஒன்று. திங்கள், செவ்வாய் என்றில்லாமல் முதல் நாள், இரண்டாம் நாள் என ஆறு வரை சுழலும். விடுமுறை வந்தாலும் வரிசை தவறாது. எந்தப் பாடமும் நட்டப்படாது. நல்ல ஏற்பாடுதான். (புதுமுக மாணவர் முதல் வாரம் வேறு வகுப்பில் போய் அமர்வதற்கும் அதுவே காரணம்!) ஆனால் வரும் வியாழன் முகூர்த்தத்தன்று எந்தப் பாடம் என்பதை முன்கூட்டிச் சொல்வது கடினம், நடுவே ஒரு மழை விடுமுறை வந்தால் கணக்கே மாறிவிடும்.

எங்கள் பொருளியல் வகுப்பில் பந்திக்குப் போவோர் அறுவர். இப்பருவத்தில் ஒரே முகூர்த்தத்துக்கு மூவருக்கு மேல் போவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். இருப்பவர் குறிப்பெடுப்பார், போனவர் இரவே அதைப் படியெடுத்துக்கொள்வார். ஒப்படைப்புக் கட்டுரைகளை ஆடிக்குள் எழுதி முடிப்பதாகவும் ஏற்பாடு.

பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. முதல் தேர்வை ஆடிக் கடைசி வாரத்திலேயே வைத்துவிட முடியுமா? பாடம் ஓர் அலகு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை; அறுவரும் எழுத வந்துவிடுவோம்.