அணைத்துப் போடுவதற்கு முன்

மாலையானால் வீட்டின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து குரல் வரும்: "நெட் போச்சு!" அதற்குப் பதில் இன்னொரு மூலையிலிருந்து வரும்: "மோடத்தை ஆஃப் பண்ணிட்டுப் போடு." பல நேரம் சரியாகியும் விடும். அந்த வெற்றிதான் வினை. இன்று சரியானது நாளை மாலை மறுபடி போகும், மறுபடி அணைத்துப் போடுவார்கள். வருடக்கணக்கில் இப்படியே ஓட்டும் வீடுகள் உண்டு.

அணைத்துப் போட்டால் ஏன் சரியாகிறது? அந்த ஒரு ஸ்விட்சில் ஒரே சமயத்தில் பல காரியங்கள் நடக்கின்றன. வீட்டிலுள்ள போன்களும் டிவியும் புதிதாக முகவரி கேட்டு வாங்குகின்றன. வைஃபை வேறு சேனலுக்கு மாறக்கூடும். மோடத்தின் நினைவகம் காலியாகிறது. யாரோ ஏற்றிக்கொண்டிருந்த பெரிய வீடியோ பாதியில் அறுந்துபோகிறது. இவற்றில் எது நோயைத் தீர்த்தது என்று யாருக்கும் தெரியாது. தடயத்தை அழித்துவிட்டுத் திருடனைத் தேட முடியாது. ஸ்விட்சில் கை வைப்பதற்கு முன் இரண்டு நிமிடம் செலவழித்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

முதலில் விளக்குகள். இப்போது பல வீடுகளுக்கு ஃபைபர் வந்துவிட்டது. சுவரில் இருக்கும் பெட்டியில் 'பான்' என்றும் 'எல்ஓஎஸ்' என்றும் குறித்த இரண்டு விளக்குகளை மட்டும் அடையாளம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பான் பச்சையாக, சிமிட்டாமல் எரிந்தால் தெருவிலிருந்து ஒளி ஒழுங்காக வருகிறது. எல்ஓஎஸ் சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை. முடியளவு தடிமனுள்ள கண்ணாடி இழை அது. அணில் கடித்திருக்கலாம், உயரமான லாரி இழுத்துப் போயிருக்கலாம், பீரோவை நகர்த்தும்போது நீங்களே மடக்கி நசுக்கியிருக்கலாம். சிவப்பு எரியும்போது நூறு முறை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை. கம்பெனிக்கோ கேபிள்காரருக்கோ போன் செய்து, எடுத்த எடுப்பில் "எல்ஓஎஸ் சிவப்பா எரியுது" என்று சொல்லிவிடுங்கள். "ஆஃப் பண்ணிப் போட்டீங்களா சார்?" என்பதில் தொடங்கும் விசாரணை பெரிதும் மிச்சமாகும்.

பான் பச்சையாக இருந்தும் நெட் இழுக்கிறதா? அப்போது கேட்க வேண்டியது ஒரே கேள்வி: கோளாறு லைனிலா, வைஃபையிலா? இதைப் பிரித்துப் பார்க்காமல் புலம்புகிறவர்கள்தான் அதிகம். லேப்டாப்பை ஒரு லேன் கேபிளால் நேராகப் பெட்டியில் சொருகி வேகத்தைப் பாருங்கள். கேபிளில் முழு வேகம் வந்து வைஃபையில் வரவில்லை என்றால், கம்பெனியைத் திட்டுவதை நிறுத்திவிட்டு வீட்டுச் சுவர்களைப் பார்க்கலாம். பெட்டியை மாட்ட வருகிறவர் வயர் எங்கே உள்ளே நுழைகிறதோ அங்கேயே மாட்டிவிட்டுப் போவார். அது பெரும்பாலும் வாசல் பக்கத்து மூலை, அல்லது டிவிக்குப் பின்னால். அங்கிருந்து கான்கிரீட் தளத்தையும் இரும்பு பீரோவையும் தாண்டி மாடி அறைக்கு அலை போக வேண்டும்.

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. மைக்ரோவேவ் அடுப்பும் அதே வட்டாரத்தில்தான் அலைகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர் என்றால் சோர்ந்துவிடும். டிவியும் லேப்டாப்பும் பெட்டி இருக்கும் அறையிலேயே இருந்தால் 5இல் போடுங்கள். தூரத்து அறைக்கு 2.4.

லேன் கேபிளைப் பற்றி ஒரு சின்னத் துப்பு. முந்நூறு எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள், கேபிளில் சோதித்தால் 94 அல்லது 95க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. இந்த எண்ணைப் பார்த்தவுடன் கேபிளைச் சந்தேகப்படலாம். உள்ளே எட்டுக் கம்பிகள். நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு போதும், ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஒரு கம்பி அறுந்தாலும் இரு பக்கமும் பெரும்பாலும் சத்தம் போடாமல் நூறுக்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றியும் அதே எண் வந்தால் பெட்டியின் அல்லது லேப்டாப்பின் துவாரமே நூறு வேகத்துக்கானதாக இருக்கும்.

ஒரே இணைப்பை வீடு முழுக்கப் பங்கிடும் ஏற்பாடு எப்படி வந்தது என்று தெரிந்தால் அடுத்த கோளாறு புரியும். இன்டர்நெட்டில் பழைய முறைப்படி இருக்கும் மொத்த முகவரிகள் சுமார் 429 கோடி. உலகம் முழுக்க விநியோகிக்க வைத்திருந்த பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தேபோனது. இது வரும் என்று முன்பே தெரிந்ததால் 1994இலேயே ஒரு வழி சொல்லப்பட்டது: வெளியுலகுக்கு ஒரே முகவரி, உள்ளே இருப்பவர்களுக்குச் சொந்த முகவரிகள், நடுவில் எந்தப் பதில் யாருக்கு என்று பதிவேடு வைத்துப் பிரித்துக்கொடுக்கும் ஒரு கருவி. 192.168 என்று தொடங்கும் எண்களை இதுபோன்ற உள் உபயோகத்துக்கென்று அதே ஆண்டில் ஒதுக்கினார்கள். டயல்-அப் காலத்தவர்களுக்கு விண்டோஸ் 98இன் இரண்டாம் பதிப்பு ஞாபகம் இருக்கும். 1999இல் வந்த அதில், மோடம் இணைத்த கணினியே மற்ற கணினிகளுக்கு நெட்டைப் பங்கிடும். அந்தக் கணினியை அணைத்தால் எல்லோருக்கும் போய்விடும். அந்த வேலையைத்தான் இன்று சுவரில் இருக்கும் பெட்டி பார்க்கிறது.

ஆகவே நெட் வராத போனில் வைஃபை விவரத்தைத் திறந்து ஐபி முகவரியைப் பாருங்கள். 192.168 என்று இருந்தால் பெட்டியோடு பேச்சு நடக்கிறது. சில பெட்டிகள் 10 என்று தொடங்கும் எண்ணும் தரும். விண்டோஸ் கணினியில் 169.254 என்று தொடங்கினால், முகவரி கேட்டுக் கேட்டு யாரும் தராததால் அதுவே தனக்கு ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அர்த்தம். அதை வைத்து வெளியே எங்கும் போக முடியாது.

இதிலேயே விஷமமான வகை ஒன்று உண்டு. மாடிக்கு சிக்னல் வரவில்லை என்று, பரணில் கிடந்த பழைய ரூட்டரைத் தூசி தட்டி, கீழேயிருந்து ஒரு கேபிள் இழுத்து அதன் லேன் துவாரத்தில் சொருகிவிடுவார்கள். இப்போது வீட்டில் முகவரி கொடுக்கிறவர்கள் இரண்டு பேர். யார் முந்திக்கொள்கிறாரோ அவர் கொடுத்ததை போன் வாங்கிக்கொள்ளும். பழைய ரூட்டர் முந்தினால் அது "வெளியே போகும் வாசல் நான்தான்" என்று தன்னையே காட்டும். அங்கே வாசலே இல்லை. அக்காவின் போனில் வருகிறது, தம்பியின் போனில் வரவில்லை, மறுநாள் நேர்மாறு. பேய் பிடித்தது போலிருக்கும். தீர்வு எளிது. பழைய ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஹெச்சிபி என்று இருக்கும் முகவரி கொடுக்கும் வசதியை நிறுத்துங்கள், புதுப் பெட்டியோடு மோதாத வேறு முகவரியை அதற்குக் கொடுங்கள். அப்புறம் அது வெறும் வைஃபை கொடுக்கும் பெட்டியாகச் சமர்த்தாக இருக்கும். லேனில் சொருகாமல் வெளி இணைப்புக்கான வேன் துவாரத்தில் சொருகினாலும் நெட் வரும், ஆனால் மாடி லேப்டாப்பின் கண்ணுக்குக் கீழ்த்தள பிரிண்டர் பெரும்பாலும் தென்படாது.

பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் படுத்துக்கொண்டால் வேறு மாதிரி தெரியும்: ஏற்கெனவே ஓடும் செயலிகள் ஓடும், புதிதாக எந்தத் தளமும் திறக்காது. கணினியிலிருந்து கூகுளின் டிஎன்எஸ் எண்ணான 8.8.8.8க்கு பிங் கொடுத்து (அதாவது, பதில் வருகிறதா என்று தட்டிப் பார்த்து) பதில் வந்து, பெயருக்கு மட்டும் வரவில்லை என்றால் இதுதான். அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் அந்த எண்ணையே போட்டால் தீர்ந்தது.

ஆனால் எனக்குத் தெரிந்து வீடுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இன்னொன்று. விளக்குகள் சரி, முகவரி சரி, வேகச் சோதனையும் நன்றாக வருகிறது. ஆனாலும் மகளின் ஆன்லைன் இன்டர்வியூ மட்டும் திக்கித் திணறுகிறது. அதே நேரத்தில் கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய சித்தப்பாவின் போன் வீட்டு வைஃபையைப் பிடித்து, அங்கே எடுத்த படங்கள், வீடியோக்கள் அத்தனையையும் கூகுளுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். அவருக்கே தெரியாது. பல திட்டங்களில் ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிடக் குறைவு. அந்தச் சின்ன வழி நிரம்பியதும், பெட்டி மிச்சத்தைத் தூக்கி எறியாமல் வரிசையில் நிறுத்திவைக்கிறது. ரேஷன் கடையில் முன்னால் நிற்பவர் பத்து கார்டோடு வந்திருந்தால், ஒரு பாக்கெட் பாமாயிலுக்கு வந்தவரும் நின்றுதானே ஆக வேண்டும்? மகளின் குரல் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. இறக்குவதும் மந்தமாகும், ஏனென்றால் "கிடைத்தது, அடுத்ததை அனுப்பு" என்று நம் பக்கத்திலிருந்து போக வேண்டிய ஒப்புதலும் அதே வரிசையில்தான் நிற்கிறது.

ஜிம் கெட்டிஸ் என்ற மென்பொருள் நிபுணர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டுபிடித்தார். பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது மட்டும் இணைப்பு ஏன் படுக்கிறது என்று தோண்டிப் பார்த்து, 2010 வாக்கில் இதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். நினைவகம் மலிவாகிவிட்டதால் கருவி செய்கிறவர்கள் வரிசைக்குத் தாராளமாக இடம் ஒதுக்கியதுதான் காரணம். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் கோடெல் என்ற மாற்று முறையை வெளியிட்டார்கள். அதன் வழிவந்த முறைகள் இன்று நல்ல ரூட்டர்களில் எஸ்க்யூஎம் என்ற பெயரில் கிடைக்கின்றன. கம்பெனி இலவசமாகத் தரும் பெட்டிகளில் இதை எதிர்பார்க்க வேண்டாம். சோதித்துப் பார்ப்பது சுலபம்: 8.8.8.8க்கு பிங்கை ஓடவிட்டு, ஒரு பெரிய வீடியோவை ஏற்றுங்கள். இருபது முப்பது மில்லிவிநாடியில் வந்த பதில் ஏற்ற ஆரம்பித்ததும் பல நூறாக எகிறினால் நோய் இதுதான். இதற்கு மருந்து அதிக வேகத் திட்டம் என்று விற்பனையாளர் சொல்வார். அவசரப்பட வேண்டாம். படங்களை ஏற்றுவதை இரவுக்கு மாற்றுவதும், மேகத்துக்குப் பதிவை அனுப்பும் சிசிடிவியின் தரத்தைக் குறைப்பதும் காசில்லாமல் முடியும்.

பங்கீடு நம் வீட்டோடு முடிவதும் இல்லை. வெளிநாட்டிலிருந்து மகன் வீட்டு கேமராவை நேரடியாகப் பார்க்க எல்லா அமைப்பையும் செய்தும் வரவில்லையா? பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் வேன் முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், கம்பெனியே ஒரு பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டிருக்கிறது. இதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்ட எண்கள் இவை. நீங்கள் எந்தக் கதவைத் திறந்தாலும் தெருவாசல் பூட்டியே இருக்கும். ஸ்டேட்டிக் ஐபி கேட்டு வாங்க வேண்டும், இல்லையேல் கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகு தாராளமாக அணைத்துப் போடுங்கள். கேபிளில் சோதித்தும் வேகம் வரவில்லை, அல்லது சிவப்பு விளக்கு அணைய மறுக்கிறது என்றால் கம்பெனிக்குப் போன் செய்து, எந்த நேரத்தில் என்ன விளக்கு எரிந்தது என்று சொல்லுங்கள். புகார் எண் வாங்காமல் மட்டும் போனை வைக்காதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த விதிகளின்படி பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு புகாருக்கும் எண் தர வேண்டும். குறை தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகும்போதும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.